கடன் தீர்க்கும் திருச்சேறை! பதினொரு திங்கள்... பதினொரு காரியம்!



சந்நிதியில் நின்று கண்ணை மூடினால் நமக்குப் பிரார்த்தனைக்கா பஞ்சம்? பிள்ளையின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், கணவரின் உடம்பு, மாமியாரின் மூட்டுவலி... எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி அர்ச்சனை செய்கிறோம். ஒன்றை மட்டும் உதட்டுக்குள்ளேயே வைத்துக் கொள்கிறோம். அதுதான் கடன்! பக்கத்தில் நிற்பவர் காதில் விழுந்துவிடுமோ என்று கூச்சம். காய்ச்சல் என்றால் ஊருக்கே சொல்கிறோம். கடன் என்றால் கட்டிய கணவரிடம்கூடச் சொல்லத் தயங்குகிறோம்.

ஆனால், நம் பெரியவர்கள் கடனையும் நோயையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஜாதகத்தில் ஆறாம் இடத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ‘ருண ரோக சத்ரு ஸ்தானம்’. கடன், நோய், பகை மூன்றுக்கும் ஒரே வீடு! காரணம் இருக்கிறது. மூன்றுமே சிறிதாக இருக்கும்போது கவனிக்காவிட்டால் பெரிதாகிவிடும். மூன்றுமே மறைக்க மறைக்க வளரும். நோயை மருத்துவரிடம் மறைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் கடனை மறைத்தாலும் ஆகும்.

மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது சாஸ்திரம். தேவ ருணம், ரிஷி ருணம், பித்ரு ருணம். பூஜையாலும், கற்பதாலும், முன்னோரை நினைத்துச் செய்யும் கடமைகளாலும் இவற்றைத் தீர்க்க வேண்டும். ஆக, கடன் இருப்பது பாவமல்ல. அதைத் தீர்க்கும் நினைப்பே இல்லாமல் இருப்பதுதான் தவறு. இந்தத் தெளிவோடு, கடன் தீர்க்கும் தலமாகப் பக்தர்கள் தேடி வரும் திருச்சேறைக்கு மனதால் ஒருமுறை போய் வருவோமா?

செந்நெறியப்பர் வீற்றிருக்கும் திருச்சேறை

கும்பகோணத்திலிருந்து குடவாசல் செல்லும் சாலையில், நாச்சியார்கோயிலைத் தாண்டி, சுமார் 15 கி.மீ. தொலைவில் இருக்கிறது திருச்சேறை. திவ்ய தேசங்களில் ஒன்றான சாரநாதப் பெருமாள் கோயில் இருப்பதும் இந்த ஊரில்தான். அதே ஊரில் சிவபெருமான் சாரபரமேஸ்வரர் என்ற திருநாமத்தோடு அருள்கிறார். ‘செந்நெறியப்பர்’ என்பது இவருடைய அழகிய தமிழ்ப் பெயர். அம்பாள் ஞானவல்லி. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம் இது.

இங்கே தனிச் சந்நிதியில் இருப்பவர்தான் ருண விமோசன லிங்கேஸ்வரர். மார்க்கண்டேயர் பிரதிஷ்டை செய்து வழிபட்ட லிங்கம் என்பது ஐதீகம். ‘ருணம்’ என்றால் கடன். ‘விமோசனம்’ என்றால் விடுதலை. பதினொரு திங்கட்கிழமைகள் இவருக்கு அர்ச்சனை செய்து, பதினோராவது வாரம் அபிஷேகம் செய்து நிறைவு செய்வது இங்கே வழக்கம். சிவ துர்க்கை, விஷ்ணு துர்க்கை, வைஷ்ணவி துர்க்கை என மூன்று துர்க்கைகளை ஒரே கோயிலில் தரிசிக்க முடிவதும் இத்தலத்தின் விசேஷம்.

இந்தக் கோயிலின் தல விருட்சம் மாவிலங்கை. ஆண்டில் நான்கு மாதம் இலை, நான்கு மாதம் பூ, நான்கு மாதம் இலையும் பூவும் இல்லாத வெறும் கிளை என்று இம்மரம் காட்சி தரும் என்பார்கள். நம் வீட்டு வருமானமும் இப்படித்தானே? பூத்துக் குலுங்கும் மாதமும் உண்டு. வெறும் கிளையாக நிற்கும் மாதமும் உண்டு. பூக்கும் மாதத்தில் வெறும் கிளையை நினைத்துக் கொள்பவள்தான் நல்ல குடும்பத் தலைவி!

பதினொரு வாரமும் திருச்சேறைக்குப் போக எல்லோராலும் முடியுமா? சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் செலவு செய்து, அதற்கே ஒரு கைமாற்று வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்கு அருகில் உள்ள சிவாலயத்தில் திங்கட்கிழமை ஒரு நெய் தீபம் ஏற்றி, ருண விமோசனரை மனதில் நினைத்து வேண்டிக் கொள்ளுங்கள். வசதி வரும்போது ஒருமுறை நேரில் போய் வரலாம். ஆனால், ஒவ்வொரு திங்கட்கிழமையும் விளக்கேற்றி வந்த கையோடு, வீட்டில் ஒரு காரியத்தையும் முடியுங்கள். ஈஸ்வரன் கதவைத் திறப்பார். நடந்து போக வேண்டியவர்கள் நாம்தானே!

முதல் திங்கள்: கணக்கை எழுதுங்கள்

ஒரு புது நோட்டில் பிள்ளையார் சுழி போடுங்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி... எல்லாவற்றையும் எழுதுங்கள். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, நகைக் கடன், பக்கத்து வீட்டுக் கைமாற்று, பால்காரர் பாக்கி வரை ஒன்றும் விடக்கூடாது. ‘எழுதினால் பயமாக இருக்கிறது’ என்பார்கள் சிலர். எழுதாத கடன்தான் இரவில் பூதமாக வந்து நிற்கும். எழுதிவிட்டால் அது வெறும் எண்!

உங்கள் பெயரில் என்னென்ன கடன்கள் பதிவாகி இருக்கின்றன என்பதைக் கடன் தகவல் நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கையாகப் பெறலாம். யாருக்கோ போட்ட கையெழுத்து, மறந்து போன கார்டு எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

இரண்டாம் திங்கள்: வீட்டில் சொல்லுங்கள்

திருமலை வேங்கடவன் கதை நமக்குத் தெரிந்ததுதான். பத்மாவதித் தாயாரைக் கைப்பிடிக்கக் குபேரனிடம் கடன் வாங்கினார் பெருமாள். அதை அவர் மறைத்தாரா? பிரம்மாவும் சிவனும் சாட்சியாக நிற்க, பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்கிறது தல புராணம். கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுகிறார் என்பது நம்பிக்கை. ‘ஸ்ரீநிவாசனுக்கே கடன்’ என்று உலகமே பேசுகிறது. அவருடைய பெருமையில் ஒரு குன்றிமணி குறைந்ததா?

ஆகவே, கணக்கு நோட்டைக் கணவர் முன் விரியுங்கள். அவர் வாங்கிய கடனானாலும் சரி, உங்கள் தம்பிக்காக நீங்கள் ரகசியமாக வாங்கியதானாலும் சரி. சாப்பாட்டு வேளையில் வேண்டாம், சண்டை நேரத்திலும் வேண்டாம். விளக்கு எரியும் நேரத்தில் நிதானமாகச் சொல்லுங்கள். கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். தெரிந்த பிள்ளை புது போன் கேட்காது.

ஒரு எச்சரிக்கையும் இதோடு உண்டு. வேங்கடவனுக்கு வட்டி கட்ட ஒரு யுகமே இருக்கிறது. உண்டியலும் நிறைகிறது. நமக்கு இருப்பது மாதச் சம்பளம். பெருமாளே கல்யாணக் கடன் வாங்கினார் என்று மண்டபத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம்!

மூன்றாம் திங்கள்: வட்டியைக் கேளுங்கள்

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு அமுது படைக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு வைத்தருளினார் ஈசன். அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு நடக்கிறது. சம்பந்தர் மடத்திலோ தாமதமாகிறது. ‘ஏன்?’ என்று விசாரித்தார் பிள்ளை. ‘நம் காசுக்கு வாசி கேட்கிறார்கள் சுவாமி’ என்று பதில் வந்தது. வாசி என்றால் மாற்றுக் குறைவுக்காகக் கடைக்காரர் பிடித்துக் கொள்ளும் கழிவு. உடனே அதைத் தீர்க்கும்படி பதிகம் பாடி, வாசி இல்லாத நல்ல காசு பெற்றார்.

இறைவன் கொடுத்த காசிலேயே கழிவு எவ்வளவு என்று கேட்டார் சம்பந்தர். நாம் கேட்கிறோமா? தண்டல்காரர் ‘பத்தாயிரம் கடன்’ என்கிறார். 1,500 ரூபாயைப் பிடித்துக் கொண்டு 8,500 ரூபாய் கொடுக்கிறார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘ஆயிரத்து ஐந்நூறுதானே’ என்று தோன்றும். தினமும் அசல் குறைந்து கொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இது வருடத்துக்கு 100 சதவீதத்தைத் தாண்டிய வட்டி!

கிரெடிட் கார்டும் சளைத்ததல்ல. 60,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வட்டி மட்டும் 2,100 ரூபாய். வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 378 ரூபாய். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று 3,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 522 ரூபாய்தான்! நோட்டில் ஒவ்வொரு கடனுக்கும் நேராக, நூற்றுக்கு மாதம் எவ்வளவு வட்டி என்று எழுதுங்கள். அதிக வட்டிக் கடனே முதல் எதிரி. மற்றவற்றுக்கு உரிய தவணையை மட்டும் கட்டிக்கொண்டு, மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் அந்தக் கடன்மேல் போடுங்கள்.

நான்காம் திங்கள்: புதுக் கடனுக்குப் பூட்டு

ஓட்டைக் குடத்தில் அபிஷேக ஜலம் நிற்காது. கார்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ‘வட்டியில்லாத் தவணை’ என்று கடையில் அழைத்தாலும் இந்தப் பதினொரு வாரம் வேண்டாம்.

முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். பரிகாரத்துக்காகக் கடன் வாங்காதீர்கள்! ‘இவ்வளவு ரூபாய்க்கு ஹோமம் செய்தால் கடன் தீரும்’ என்று யாராவது சொன்னால், கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். கண்ணப்பர் என்ன செலவு செய்தார்? வாயில் சுமந்து வந்த தண்ணீரையே அபிஷேகமாக ஏற்றவர் சிவபெருமான். ஒரு வில்வ இலையில் மகிழ்பவருக்கு, நாம் வட்டிக்கு வாங்கிச் செய்யும் பூஜை எதற்கு? நேர்த்திக்கடனையும் மனதுக்குள் குறித்து வையுங்கள். கையில் காசு வந்த பின் செலுத்தலாம். அவன் மீட்டர் வட்டி போடுபவன் அல்ல!

ஐந்தாம் திங்கள்: பொன்னைப் பயன்படுத்துங்கள்

சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, ஈசன் சொன்னபடி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் அல்லவா? எடுத்தவுடன் பரவையாரிடம் கொடுத்துவிடவில்லை. மாற்று சரிதானா என்று உரைத்துப் பார்த்த பிறகே வாங்கிக் கொண்டார். அதற்குச் சாட்சியாக இன்றும் திருவாரூரில் ‘மாற்றுரைத்த விநாயகர்’ இருக்கிறார்.

அதிக வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது, பெட்டியில் தூங்கும் நகையை வங்கியில் வைத்து அந்தக் கடனை அடைப்பது புத்திசாலித்தனம். வங்கி நகைக் கடனில் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். கார்டுக்கு 2,100 ரூபாய் வட்டி போன இடத்தில், சுமார் 600 ரூபாய் போகும். ஆனால், ரசீதில் மொத்த எடை, கல் நீக்கிய எடை, காரட் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மாற்றுரைத்த விநாயகரை நினைத்துக் கொண்டு பாருங்கள்! மீட்க வேண்டிய தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மறந்தால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

‘குங்கிலியக் கலய நாயனாரின் மனைவி தாலியையே கழற்றிக் கொடுத்தாரே?’ என்று கேட்கலாம். பசித்த பிள்ளைகளுக்கு நெல் வாங்க அந்த அம்மாள் கொடுத்தார். அடியாரின் பக்தியையும் ஈசனின் கருணையையும் சொல்ல வந்த வரலாறு அது. கேட்டவுடன் நகையைக் கழற்றிக் கொடுத்துவிடு என்று சொல்ல வந்ததல்ல. ஸ்திரீதனம் சட்டப்படியும் பெண்ணின் சொந்தச் சொத்து. எதற்காக, எத்தனை மாதத்துக்கு, எப்படி மீட்பது என்று பேசி முடிவு செய்த பின் கொடுங்கள்.

ஆறாம் திங்கள்: வங்கிக்கு நேரில் போங்கள்

தவணை தவறிய பிறகு ஒளிவதைவிட, தவறப் போகிறது என்று தெரிந்தவுடன் மேலாளரைப் பார்ப்பது நல்லது. வேலை போனது, மருத்துவச் செலவு என்று காரணத்தை எழுத்தில் கொடுத்து, தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள்.

கடன் வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பின்போ தவணை கேட்டு போன் செய்யக்கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவு. மிரட்டவோ, உறவினர் முன் அவமானப்படுத்தவோ கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

ஏழாம் திங்கள்: ஓலையைப் படியுங்கள்

சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, ‘இவன் எனக்கு அடிமை’ என்று ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். ‘நீ கிழித்தது படி ஓலை. மூல ஓலை பத்திரமாக இருக்கிறது’ என்றார் முதியவர்! வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனது. சபையோர் மூல ஓலையைக் கேட்டார்கள். சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தார்கள். பாட்டனாரின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டார்கள். அதன் பின்தான் தீர்ப்பு. வந்தவர் பரமசிவன். ஆனாலும் பத்திரம் சரியாக இருந்தது!

பாட்டன் போட்ட கையெழுத்து பேரனைத் தேடி வந்தது. நம் கையெழுத்து மட்டும் சும்மா இருக்குமா? ‘சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்துதான் அண்ணி’ என்று யாராவது பேப்பரை நீட்டினால் யோசியுங்கள். அவர் கட்டாவிட்டால் முழுக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு. வெற்றுப் பத்திரத்திலோ, தொகை எழுதாத காசோலையிலோ எந்தக் காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காகவே வரும்.

கடன் முடிந்ததும் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கடனை முழுவதும் அடைத்துவிட்டால், 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. மூல ஓலை நம் கைக்கு வந்தால்தான் கடன் தீர்ந்தது!

எட்டாம் திங்கள்: கந்துவட்டிக்கு அஞ்சாதீர்கள்

தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டம் 2003-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. மூன்று ஆண்டுவரை சிறையும், 30,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு. கடன் வழங்கும் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்தது. வாசலில் வந்து சத்தம் போடுபவரைப் பார்த்துக் கதவைச் சாத்திக் கொண்டு அழ வேண்டியவர் நீங்கள் அல்ல. கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் தேதி போட்டு எழுதி வையுங்கள். அதுவே உங்கள் சாட்சி. காவல் நிலையத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். நீதிமன்ற வளாகங்களில் உள்ள இலவசச் சட்ட உதவி மையத்தில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வங்கிக் கடன் வழக்குகள் லோக் அதாலத்தில் சமரசமாக முடிவதும் உண்டு.

ஒன்பதாம் திங்கள்: செல்போன் கடனை விலக்குங்கள்

ஐந்தே நிமிடத்தில் கடன் என்று செல்போனில் வரும் செயலிகளில் பல, வட்டிக் கடையைவிட மோசமானவை. நம் போனில் உள்ள எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, பிறகு உறவினர்களுக்கு அனுப்பி அவமானப்படுத்துவார்கள். கடன் செயலிகள் நம் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் தொடவே கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எந்த வங்கியின் பெயரும் இல்லாத செயலியை நம்பாதீர்கள். மாட்டிக் கொண்டிருந்தால், மேலும் மேலும் பணம் அனுப்பாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

பத்தாம் திங்கள்: மஞ்சள் துணியில் முடியுங்கள்

குலதெய்வத்துக்கும் திருப்பதிப் பெருமாளுக்கும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்போம். என்ன அவசரம் வந்தாலும் அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டோம். அதே பயபக்தியோடு வீட்டுக்கும் ஒரு முடிச்சு போடுங்கள். மாதம் 500 ரூபாயானாலும் சரி. திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது உதவும். மறுபடி தண்டல்காரரைத் தேட வேண்டாம். சீட்டு கட்டுவதானால் பதிவு செய்த நிறுவனத்தில் மட்டும் கட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை, மைத்ர முகூர்த்தத்தில் அசலில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் விரைவில் அடையும் என்பார்கள் ஜோதிடர்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘அசலில்’ என்கிறார்கள், கவனித்தீர்களா? வட்டியைக் கட்டினால் கடன் நிற்கும். அசலைக் கட்டினால்தான் கடன் நடக்கும், நம் வீட்டை விட்டு வெளியே! மாதத் தவணைக்கு மேல் நூறோ இருநூறோ அசலில் போடுங்கள்.

வீழிமிழலையில் அப்பர் பெற்ற காசுக்கு மட்டும் ஏன் வாசி இல்லை? அவர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் என்று காரணம் சொல்வார்கள். கை வருந்திய காசுக்கு மதிப்பு முழுசு. தையலோ, டியூஷனோ, மசாலாப் பொடியோ... உங்கள் கைக்குத் தெரிந்த தொழில் ஒன்றால் வரும் சிறு தொகையைக் கடனுக்கென்றே ஒதுக்கிப் பாருங்கள்.

பதினோராம் திங்கள்: நிறைவு

ருண விமோசனருக்கு அபிஷேகம் செய்து நிறைவு செய்யும் நாள். முடிந்தால் திருச்சேறையில். இல்லையென்றால் உங்கள் ஊர்ச் சிவாலயத்தில் ஒரு ஆழாக்குப் பால் கொடுங்கள். மாலையில் நோட்டைத் திறந்து, முதல் திங்களில் எழுதிய மொத்தத்தையும் இன்றைய மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பதினொரு வாரத்தில் லட்சங்கள் மறைந்துவிடாது. ஆனால், புதுக் கடன் ஏறியிருக்காது. ஒரு சின்னக் கடனாவது அடைந்திருக்கும். கணவரும் மனைவியும் ஒரே கணக்கைப் பார்த்துக் கொண்டிருப்பீர்கள். விமோசனம் தொடங்கும் இடம் அதுதான். பாக்கி இருந்தால் அடுத்த பதினொரு திங்களைத் தொடங்குங்கள்.

வைணவ இல்லங்களில் மாலை வேளையில் ருண விமோசன நரசிம்ம ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கம் உண்டு. அதைச் சொல்பவர்களும் இந்தப் பதினொரு காரியங்களைச் செய்யலாம். தெய்வம் வேறு வேறு பெயரில் இருந்தாலும் வட்டிக் கணக்கு ஒன்றுதான்!

கடைசியாக, மனம் விட்டு ஒரு வார்த்தை. கடன் தொல்லையால் குடும்பத்தோடு உயிரை மாய்த்துக் கொண்டார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. எந்தக் கடனும் ஓர் உயிரின் விலை அல்ல. வங்கியோடு பேசினால் தவணை குறையும். வழக்கானால் சமரசம் வரும். வீட்டை விற்றாலும் வாடகை வீட்டில் வாழலாம். போன உயிருக்கு மட்டும் மறு தவணை கிடையாது. மார்க்கண்டேயர் பிரதிஷ்டை செய்த லிங்கம் இது என்பதை மறக்காதீர்கள். எமன் வீசிய பாசக் கயிற்றுக்கு நடுவிலும் சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டு ‘நான் வாழ வேண்டும்’ என்று கேட்டவர் அவர்! அப்படி ஓர் எண்ணம் உங்களுக்கோ, வீட்டில் யாருக்கோ வந்தால் நள்ளிரவானாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு பெண் கடனால் வாடினால் வம்பு பேசாமல், அவள் கணக்கை எழுத ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அதுவும் சிவபூஜைதான்.

வரும் திங்கட்கிழமை தீபம் ஏற்றுங்கள். நோட்டில் பிள்ளையார் சுழி போடுங்கள். செந்நெறியப்பர் செம்மையான வழியைக் காட்டுவார். ஞானவல்லி நல்ல புத்தியைக் கொடுப்பாள். ருண விமோசனர் உங்கள் ருணம் தீர்த்து அருளட்டும்!